ஆப்ஜெக்ட் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிதான். இந்தப் பருவத்தில் ஜாவா. என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்‌ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிஸம் என்று ஆப்ஜெக்ட் சார்ந்த புரோகிராமிங்கின் நான்கு தூண்களையும் வரையறையோடு ஒப்பிப்பேன். விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை; நாய் குரைக்கும், பூனை கத்தும். இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தால் எதைக் கிளாஸ் ஆக்குவது என்றே தெரியவில்லை. போன வருடம் சி மொழியில் ஃபங்ஷன் ஃபங்ஷனாக எழுதியபோது இந்தக் குழப்பம் இல்லை. கிளாஸ் இல்லாமல் செய்யவே முடியாதது என்று ஏதாவது இருக்கிறதா? தோழிகள் ஜாவாவை விட்டுவிட்டு பைத்தானுக்குப் போகச் சொல்கிறார்கள். போகலாமா?

எஸ்.,
விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

அப்படி எதுவும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பெரும்பகுதி சியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சியில் கிளாஸ் கிடையாது. உங்கள் சந்தேகம் நியாயமானது. அதை வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். ஒரு தகவலைப் புரோகிராமின் எந்த மூலையிலிருந்தும் மாற்றலாம் என்றால், அது தப்பாகிப்போன அன்று எங்கே போய்த் தேடுவது?

உங்கள் வீட்டு ஈபி மீட்டரையே எடுத்துக்கொள்வோம். மின்கட்டணம் போடும் புரோகிராம் ஒன்றை சியில் எழுதுகிறீர்கள். தகவல்களைத் தொகுத்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்சரில் சர்வீஸ் நம்பர், பழைய ரீடிங், புது ரீடிங். ரீடிங்கைப் பதிய ஒரு ஃபங்ஷன், பில் போட ஒன்று, தவறைத் திருத்த ஒன்று, மாத அறிக்கைக்கு ஒன்று. எல்லாமே அந்த ரீடிங்கைத் தொடலாம். ஒருநாள் 4310 இருக்க வேண்டிய இடத்தில் 431 என்று விழுந்துவிடுகிறது. யூனிட் மைனஸில் போகிறது, பில்லும் மைனஸில் வருகிறது. ரீடிங்கைத் தொடும் ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்தாக வேண்டும். நூறு வரி புரோகிராமில் அது பெரிய வேலையல்ல. உங்களுக்கு சி எளிதாக இருந்ததற்கும் அதுதான் காரணம். லட்சம் வரியில் பல பேர் எழுதும்போது அது நடக்காத காரியம்.

இப்போது மீட்டரை ஒரு கிளாஸாக எழுதுங்கள். கிளாஸ் என்பது தகவலும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களும் சேர்ந்த ஓர் அச்சு; அந்த அச்சில் வார்த்த ஒவ்வோர் உருப்படியும் ஓர் ஆப்ஜெக்ட். ரீடிங் பிரைவேட், அதாவது கிளாஸுக்கு வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. வெளியிலிருந்து அதை மாற்ற ஒரே ஒரு மெத்தட், அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன். புது எண் பழையதைவிடக் குறைவாக வந்தால் அந்த மெத்தட் ஏற்க மறுக்கும். ‘மீட்டர் பின்னோக்கி ஓடாது’ என்ற விதி புரோகிராம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. என்கேப்சுலேஷன் இதுதான். டேட்டாவையும் ஃபங்ஷனையும் ஒன்றாகக் கட்டிவைப்பது என்று பாடப்புத்தகம் சொல்வது பாதி உண்மை. எதற்காகக் கட்டுகிறோம் என்பதே விஷயம். எதையும் பிரைவேட் என்று போட்டுவிட்டு, எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒரு செட்டரையும் பக்கத்தில் எழுதிவைக்கும் வழக்கம் கல்லூரி லேப்களில் இருக்கிறது. அந்த பிரைவேட்டால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் நாயும் பூனையும் கைகொடுக்காததும் இதனால்தான். அவற்றுக்குக் கெடாமல் காக்க வேண்டிய நிலை என்று எதுவும் இல்லை; ஒரு வரியை அச்சிடுகின்றன, அவ்வளவுதான். இந்தச் சிந்தனை பிறந்த இடத்தில் இருந்த தேவையே வேறு. 1960களில் ஆஸ்லோவில் இருந்த நார்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யோஹான் டால் இருவரும் வரிசைகளையும் காத்திருப்புகளையும் கணினியில் பாவனை செய்து பார்க்க ஒரு மொழி தேடினார்கள். ஒரே மாதிரியான பல உருப்படிகள் ஒரே நேரத்தில் உலவ வேண்டும். ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே நினைவில் வைத்திருக்க வேண்டும். சிமுலா 67 மொழியில் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் மூன்றும் வந்துவிட்டன. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது சிமுலாவில் எழுதிப் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப், 1979இல் பெல் ஆய்வகத்தில் அந்தக் கிளாஸை சி மொழிக்குள் கொண்டுவர முனைந்தார். சி பிளஸ் பிளஸ் அங்கிருந்து வளர்ந்தது.

எதைக் கிளாஸ் ஆக்குவது என்று கேட்டீர்கள். கேள்வித்தாளில் உள்ள பெயர்ச்சொற்களுக்கு அடிக்கோடிடு என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேவையில்லாத கிளாஸ்கள்தான் குவியும். எந்த விதி எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும், அதற்கு எந்தெந்தத் தகவல்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். கிளாஸின் எல்லை அங்கே தெரியும். மீட்டர் எரிந்துபோய்ப் புதிது மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். புது மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கும். நம் விதி உடைந்துவிட்டதா? இல்லை. மீட்டர்தான் மாறியது, சர்வீஸ் நம்பர் மாறவில்லை. ஆக, ஒன்று என்று நாம் நினைத்திருந்தவை இரண்டு: இணைப்பு ஒரு கிளாஸ், மீட்டர் ஒரு கிளாஸ். இணைப்புக்குள் ஒரு மீட்டர் இருக்கும்; மாற்றும்போது பழையதன் கடைசி ரீடிங்கைக் குறித்துக்கொண்டு புதியதை ஏற்கும். டிசைன் என்பதில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இது. விதியைப் பிடித்துக்கொண்டு போனால் கிளாஸ் தானாகவே பிரிந்து நிற்கும்.

அடுத்து கட்டணம். வீட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு. பில், அறிக்கை, பாக்கி என்று எல்லா ஃபங்ஷனிலும் ‘வீடா, கடையா’ என்று இஃப் போடுவதற்குப் பதில், ஒவ்வொரு கட்டண முறையையும் ஒரு கிளாஸ் ஆக்கி, எல்லாவற்றுக்கும் ‘கணக்கிடு’ என்று ஒரே பெயரில் மெத்தட் கொடுங்கள். பில் போடும் இடம் யூனிட்டைக் கொடுத்துத் தொகையை வாங்கிக்கொள்ளும். எதிரில் இருப்பது எந்த முறை என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. நாளைக்குப் புதிதாக ஒரு வகை வந்தால் ஒரு கிளாஸ் கூடும், பழைய வரிகளில் கை வைக்க வேண்டியிராது. ஒரே பெயர், ஆப்ஜெக்டுக்கு ஏற்ற கணக்கு: பாலிமார்பிஸம் இதுதான். ‘கணக்கிடு’ என்ற பெயரை மட்டும் காட்டி உள்விவரத்தை மறைத்தோமே, அப்ஸ்ட்ராக்‌ஷனும் அதிலேயே வந்துவிட்டது.

ஒரு கிளாஸில் இருப்பதை இன்னொரு கிளாஸ் அப்படியே பெறும் இன்ஹெரிட்டன்ஸைக் கடைசியில் வைத்தது தெரிந்துதான். நான்கும் சம உயரத் தூண்கள் என்று சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. ‘இணைப்பு’ கிளாஸிலிருந்து ‘வீட்டு இணைப்பு’, ‘கடை இணைப்பு’ என்று பிரிக்கத்தான் முதலில் தோன்றும். வீட்டின் முன்னறையில் மளிகைக் கடை போட்டுவிட்டால்? உருவான ஆப்ஜெக்ட் தன் கிளாஸை ஜாவாவில் மாற்றிக்கொள்ள முடியாது. இணைப்புக்குள் கட்டண முறை ஓர் ஆப்ஜெக்டாக இருந்தால், அதை மட்டும் மாற்றி வைத்தால் போதும். ஜாவாவின் ஸ்டாக் கிளாஸையே பாருங்கள். ஸ்டாக்கில் மேலே வைக்க வேண்டும், மேலேயிருந்து எடுக்க வேண்டும். அதை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்துவிட்டதால் நடுவில் செருகும் மெத்தடும் கூடவே வந்துவிட்டது. இப்போது ஜாவா ஆவணமே ஸ்டாக்குக்குப் பதில் டெக் (Deque) என்ற வகையைப் பயன்படுத்தச் சொல்கிறது.

பைத்தானுக்கு இந்தப் பருவம் போக வேண்டாம். பைத்தானில் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் ‘தொடாதே’ என்று வேண்டுகோள் வைத்ததாக அர்த்தம், தொட்டால் மொழி தடுக்காது. ஜாவாவில் பிரைவேட்டை வெளியிலிருந்து தொட்டால், புரோகிராமைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். கற்கும் காலத்தில் அந்தத் தடை உங்களுக்கு உதவும். மீட்டர், இணைப்பு, கட்டண முறை மூன்றையும் ஜாவாவில் எழுதிப் பாருங்கள். முடிந்ததும் இதையும் சேருங்கள்: ரீடிங் எடுக்க வந்த அன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, போன தடவை வந்த யூனிட்டை வைத்தே பில் போட வேண்டும். அந்த விதியை மூன்றில் எந்தக் கிளாஸில் வைத்தீர்கள், ஏன் என்று எனக்கு எழுதுங்கள்.