கார் மனைவி பெயரில், ரீமேப் ஆசை கணவருக்கு

கேள்வி: இரண்டரை வருடம் முன்பு 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். டிராஃபிக்கில் முதல் கியரில் குலுங்குகிறது. சர்வீஸ் சென்டரில் "இந்த கியர்பாக்ஸ் அப்படித்தான் சார்" என்று சிரித்தார்கள். மூன்று முறை அலையவிட்டு, இப்போது புகாரை வாபஸ் வாங்கினால் கிளட்சை வாரண்டியில் மாற்றி, ஒரு வருடம் கூடுதல் வாரண்டியும் இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஒரு ட்யூனர் 35,000 ரூபாய்க்கு ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்தால் பவரும் கூடும், குலுக்கலும் போகும், சர்வீஸுக்கு விடும் முன் பழையபடி மாற்றிக் கொடுக்கிறேன் என்கிறார். செய்யலாமா? இல்லை, கேஸ் போடலாமா? கார் என் மனைவி பெயரில் இருக்கிறது. - வாசகர், கோவை

பதில்: அவர்கள் சிரித்ததற்கு நுகர்வோர் கோர்ட்டில் மார்க் கிடையாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் விஷயம். கார் உங்களுடையது அல்ல.

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிடிப்பது உரிமையாளரை. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரீமேப்பில் பாகம் எதுவும் பொருத்தவில்லை, ஆர்.சி.யில் உள்ள சி.சி. மாறவில்லை என்று வாதாட இடமுண்டு. நானே வாதாடுவேன். தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் விவரத்திலிருந்து வண்டி விலகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இறுக்கிய பிறகு அந்த வாதம் அவ்வளவு சுலபமில்லை. இருந்தாலும் ஆர்.டி.ஓ. வந்து உங்கள் இ.சி.யூ.வை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரை, படிக்கப் போவதில்லை. என் பயம் அங்கே இல்லை.

"பழையபடி மாற்றிக் கொடுக்கிறேன்" என்கிறாரே, அங்கே இருக்கிறது.

என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ரீமேப் செய்து ஏழு மாதம் ஓட்டியிருக்கிறார். கியர்பாக்ஸ் போனதும் ஸ்டாக் மேப்பை (கம்பெனியின் பழைய சாஃப்ட்வேரை) ஏற்றி, டோ செய்து சர்வீஸுக்கு அனுப்பிவிட்டார். வாரண்டியை மறுத்துவிட்டார்கள். ஆர்.சி. மனைவி பெயரில், அதனால் புகார்தாரரும் அவரே. பிரமாணப் பத்திரத்தில் "வாகனத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை" என்று ஒரு பத்தி. அந்த அம்மாவுக்குத் தெரிந்தவரை அது உண்மை. எதிர்த்தரப்பு இரண்டே காகிதம் போட்டது. இ.சி.யூ. எத்தனை முறை ஃப்ளாஷ் ஆனது, அதாவது அதில் எத்தனை முறை சாஃப்ட்வேர் ஏற்றப்பட்டது என்ற கணக்கு ஒன்று: சர்வீஸ் சென்டர் செய்ததைவிட இரண்டு அதிகம். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. மற்றது கணவர் இன்ஸ்டாகிராமில் பெருமையாகப் போட்ட டைனோ கிராஃப் (வண்டியின் பவரை அளந்து காட்டும் வரைபடம்), பக்கத்திலேயே நம்பர் பிளேட் பளிச்சென்று. அந்த அம்மா என் மேசைக்கு எதிரே கணவரைத் திரும்பிப் பார்த்தார். கேஸை வாபஸ் வாங்கினோம். முதலில் பாதிச் செலவை ஏற்கிறோம் என்று கம்பெனி சொன்னதை இவர்கள்தான் வேண்டாம் என்றிருந்தார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் நடப்பதும் நீதிமன்ற நடவடிக்கைதான். அங்கே தெரிந்தே பொய்ச் சாட்சியம் கொடுத்தால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 229, ஏழு வருடம் வரை சிறை. உங்கள் வீட்டில் கையெழுத்துப் போடப்போவது யார்?

இன்சூரன்ஸ் காகிதங்களிலும் அவர் கையெழுத்துதான். ரீமேப் செய்ததாலேயே மூன்றாம் நபர் இழப்பீட்டைக் கம்பெனி மறுத்துவிட முடியாது. ஆனால் முக்கியமான விவரத்தை மறைத்து பாலிசி எடுத்தார் என்பது சட்டமே கொடுத்திருக்கும் எதிர்வாதம். தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றால், அந்த நோட்டீஸ் உங்கள் மனைவி பெயருக்கு வரும். இன்னொன்று: மெக்கானிக்கல் பிரேக்டவுனை சாதாரண மோட்டார் பாலிசி ஏற்காது. கியர்பாக்ஸுக்கு இருக்கும் ஒரே குடை வாரண்டி. ஏற்கெனவே குலுங்கும் கிளட்சின் மேல் இன்னும் டார்க்கை (இன்ஜினின் சுழல் விசையை) ஏற்றி அந்தக் குடையையும் மடக்கி வைக்கப் பார்க்கிறீர்கள்.

கேஸும் வேண்டாம், ரீமேப்பும் வேண்டாம். அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் கேஸ் போட்டு இதைவிடப் பெரிதாக வாங்கித் தருகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பேச்சாக வாங்காதீர்கள். லெட்டர்ஹெட்டில், சேஸிஸ் நம்பரோடு, எந்தப் பாகம் மாற்றுகிறார்கள், கூடுதல் வாரண்டி எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். வாபஸ் கடிதம் கிளட்ச் மாற்றி, அவிநாசி ரோட்டில் மாலை நெரிசலில் நீங்களே ஓட்டிப் பார்த்த பிறகுதான். அதில் "முழுத் திருப்தி", "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிகளை அடித்துவிட்டு, அதே குறை திரும்ப வந்தால் உரிமை உண்டு என்று சேருங்கள். பழைய ஜாப் கார்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடக் கெடு என்பதும் நினைவிருக்கட்டும்.

ட்யூனரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். தரவில்லை, அதற்கு ஒரு கேஸ் போடலாமா என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.