பதில்: பெர்லின் ஜீப்ரா விழாவுக்குக் கவிதைப் படம், சப்டைட்டில் சிக்கல்

கவிதை ஒன்றை வைத்து எடுத்த குறும்படத்தை, பெர்லினில் நடக்கும் கவிதைப் பட விழாவான ஜீப்ராவுக்கு அனுப்பப் போகிறீர்கள். திரையில் தமிழ் வரிகள், கூடவே குரல், அடியில் ஆங்கில சப்டைட்டில். படிக்க நேரம் போதவில்லை, ‘கொ’ உடைந்து தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

உடைவது எழுத்துருவால் அல்ல. அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில், கிராஃபிக்ஸ் அமைப்பில், எழுத்துகளைக் கோக்கும் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

நேரம்தான் பெரிய சிக்கல். வசனத்துக்கு வினாடிக்கு 17 எழுத்து வரை தாங்கும். கவிதைக்கு 12 தாண்ட விடாதீர்கள். 60 எழுத்து என்றால் 5 வினாடி. ஒரு வரிக்கு 42 எழுத்து, மொத்தம் இரண்டு வரி. கவிஞர் வரியை எங்கே முறித்தாரோ அங்கேயே முறியுங்கள். குரல் சொல்லும் வரியே திரையிலும் தமிழில் ஓட வேண்டுமா? என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாம். கண் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்காது.

சப்டைட்டிலைப் படத்தில் பதிக்காத பிரதி ஒன்றும், சப்டைட்டில் வரிகளும் நேரமும் மட்டும் உள்ள தனி எஸ்ஆர்டி (SRT) கோப்பும் வைத்திருங்கள்; அதை யூடிஎஃப்-8 (UTF-8) எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். படத்தின் நீளம் 15 நிமிடத்துக்குள் இருக்கட்டும். விழாவின் இவ்வாண்டு விதிமுறையையும் ஒருமுறை பாருங்கள்.

கவிஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டீர்களா? மறைந்தவர் என்றால், இறப்புக்குப் பின் காப்புரிமை இந்தியாவில் 60 ஆண்டு, ஜெர்மனியில் பொதுவாக 70.