செயற்கைக்கோள் படத்தில் காட்டின் ஒரு பகுதி மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அது நலிந்த காடு என்று அர்த்தமா?

கேள்வி கேட்டவர் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காட்டுப் பகுதிகளை ஒப்பிட்டிருக்கிறார். அண்மை அகச்சிவப்புப் பட்டையில், அதாவது சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பதியும் அலைவரிசையில், ஒன்று பளிச்சென்று இருக்கிறது, மற்றது மங்கல்.

மங்கலை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அதே தவறைச் செய்தேன். ஒரு பகுதியைச் 'சீரழிந்தது' என்று வரைபடத்தில் குறித்துவிட்டு, பிறகு நேரில் போனேன். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் நின்றுகொண்டிருந்தன. 'மிக நன்று' என்று நான் குறித்த இடமோ, ஒரே வயதில் நட்ட இளந்தோப்பு. அன்றிலிருந்து இதைப் பற்றி யார் கேட்டாலும் உட்கார்ந்து விளக்காமல் விடுவதில்லை.

முதலில் ஒற்றை இலை. அதன் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஒளியின் அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டி அண்மை அகச்சிவப்புக்குப் போனதும் நிலைமை தலைகீழ். இலைக்குள் செல்களுக்கு நடுவே காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. அங்கே அகச்சிவப்பு ஒளி சிதறி, ஏறக்குறையப் பாதி மேலே திரும்பிவிடும். மீதியில் பெரும்பங்கு இலையை ஊடுருவிக் கீழே இறங்கும். இறங்கியது அடுத்த இலையில் பட்டு, அதிலும் ஒரு பங்கு மேலே வரும். அதனால்தான் இலை அடுக்குகள் கூடக்கூட அகச்சிவப்பில் காடு வெளிச்சமாகிக்கொண்டே போகிறது. சிவப்பிலோ முதல் சில அடுக்குகளே எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால், அதற்குமேல் பெரிதாக மாற்றம் தெரியாது. சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பசுமையை அளக்கும் குறியீடான என்டிவிஐ, அடர்ந்த காடுகளில் ஓர் உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது இலையை அல்ல, விதானத்தை, அதாவது மரத்தலைகள் சேர்ந்து உண்டாக்கும் காட்டின் மேற்கூரையை. உங்கள் படத்தின் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். முதிர்ந்த காட்டில் அந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: வெயில் படும் ஒரு பெரிய மரத்தின் தலை, அதன் நிழலில் மூழ்கிய சின்ன மரம், எப்போதோ ஒரு மரம் விழுந்ததில் உண்டான இடைவெளி, அதன் அடியில் இருட்டு. இத்தனையும் கலந்து ஒரே ஒரு எண்ணாக வருகிறது. இளந்தோப்பில் எல்லாத் தலைகளும் ஒரே மட்டத்தில் இருப்பதால் நிழல் குறைவு, பளிச்சென்று தெரிகிறது. மேடுபள்ளமான விதானம் ஒளியைச் சிறைபிடித்துவிடும். ஊசியிலைக் காடுகள் அகன்ற இலைக் காடுகளைவிடக் கருமையாக இருப்பதற்கும் பெருமளவு இதே காரணம்தான். ஊசிகள் கொத்துக்கொத்தாக நெருங்கி நிற்பதால் உள்ளே போன ஒளி ஒன்றின்மேல் ஒன்றாக மோதி உறிஞ்சப்படுகிறது. கூம்பு வடிவ மரமும் நீளமாக நிழல் போடும்.

சரி, நிழலையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? நிழல் எல்லாப் பட்டைகளையும் சேர்த்துக் குறைக்கும். நலிந்த மரம் அப்படிச் செய்யாது. பச்சையம் குறைந்தால் சிவப்பு ஏறும். இலையில் நீர் வற்றினால் 1610 நானோமீட்டரை ஒட்டிய குற்றலை அகச்சிவப்பும் ஏறும், ஏனென்றால் அங்கே ஒளியை விழுங்குவது தண்ணீர். இலை உதிர்ந்து கிளையும் மண்ணும் வெளியே தெரிந்தால் அண்மை அகச்சிவப்பு இறங்கும். ஒன்று இறங்க மற்றவை ஏறுவதுதான் நீங்கள் தேட வேண்டிய அடையாளம்.

தேதியையும் சரிவையும் மறக்காதீர்கள். சூரியன் தாழ்வாக இருக்கும் மாதங்களில் அதே காடு இன்னும் கருக்கும். சூரியனுக்கு முதுகு காட்டும் மலைச்சரிவும் அப்படித்தான். அமேசான் காடு வறண்ட மாதங்களில் கூடுதல் பசுமையாகிறது என்று நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற உணரியின் படங்களை வைத்து முன்பு சொல்லப்பட்டது. அந்தத் தோற்றம் சூரியனும் உணரியும் இருக்கும் கோணத்தால் வந்தது என்று 2014-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. புது இலை தளிர்ப்பதற்கும் அதில் பங்குண்டு என்று அதன்பின் வேறு ஆய்வுகள் வந்தன. துறையில் ஊறியவர்களே இவ்வளவு விவாதித்த விஷயம் என்பதால்தான் ஒரே ஒரு படத்தை நான் நம்புவதில்லை. வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களையாவது பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

உங்கள் படத்தில் அந்த மங்கலான பகுதிக்குப் போய் பட்டை 4 (சிவப்பு), பட்டை 11 (குற்றலை அகச்சிவப்பு) இரண்டின் மதிப்பையும் எடுங்கள். பளிச்சென்ற பகுதியைவிட அவையும் குறைவாக இருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் உயரமான, வயதான, நிழல் நிறைந்த காடு.