எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு எப்படித் தயாராவது? உடம்பு தேற எத்தனை நாளாகும்?

38 வயது, 168 செ.மீ., 112 கிலோ, சர்க்கரை இருக்கிறது, டாக்டர் ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை) செய்யலாம் என்கிறார், முன்னாலும் பின்னாலும் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் ஸ்லீவ்தான். 2024 அக்டோபர் 16, கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை. நான் டாக்டர் இல்லை, ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்போது 41 வயது, 158 செ.மீ. உயரத்துக்கு 109 கிலோ. அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

முதலில் பணம். இந்திய இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இந்த அறுவைக்கென்று ஒரு பொது விதி இருக்கிறது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35ஆவது இருந்து, கட்டுக்குள் வராத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் மாதிரி ஏதாவது ஒன்று கூட இருக்க வேண்டும். உங்கள் கணக்கு 39.7 வருகிறது. மயிரிழையில் 40க்குக் கீழே. ஆகவே சர்க்கரை எத்தனை மாத்திரைக்கும் அடங்கவில்லை என்பதைக் காட்டும் மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை இதைவிடத் தாழ்வு. 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்கிறது. டாக்டர் சரி என்பதும் இன்ஷூரன்ஸ்காரர் சரி என்பதும் ஒன்றல்ல என்று எனக்கு முதல் முறை மறுப்புக் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. "அழகுக்காகச் செய்துகொள்வது" என்று எழுதியிருந்தார்கள். ரிப்போர்ட்டுகளை இணைத்து மறுபடி அனுப்பியபின் கொடுத்தார்கள். பில் 3 லட்சத்து 60 ஆயிரம். அதில் கணிசமான பகுதி வயிற்றை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளருக்கே போனது.

பரிசோதனைகள் நிறைய இருக்கும். ரத்தம், தைராய்டு, எக்கோ, வயிற்று ஸ்கேன், தூக்கப் பரிசோதனை. இதில் எண்டோஸ்கோபியை மட்டும் யாராவது வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், அவர்களுக்கு பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது அல்ல, வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் அறுவை) பொருந்தும். உள்ளே பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் வீட்டு அடுப்படியைத் தயார் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வயிற்றைத் தயார் செய்துவிடுவார்கள். "இன்னும் ஒரு கரண்டி" என்று நிற்கும் ஆட்களை நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும்.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், விஷயம் கேள்விப்பட்டதும் சொன்னது இது: "ஏன் கண்ணு, சோத்தைக் கம்மி பண்ணிக்கறதுக்கு மூணரை லட்சமா?" அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வருடம் ஏப்ரலில் சென்னையில் ஒரு இளைஞர் இந்த அறுவையில் இறந்துபோன செய்தி வேறு அவர் மனதில் இருந்தது. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் செய்தவற்றில் உருப்படியான காரியம் அதுதான். ஐசியூ இதே கட்டிடத்தில் இருக்கிறதா, ராத்திரி எந்த டாக்டர் இருப்பார், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் அவரே கேட்டார். டாக்டர் காகிதத்தில் படம் போட்டார். பை மாதிரி இருக்கும் வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். பசியைக் கிளப்பும் ஒரு ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் வயிறு சின்னதாவதோடு ஆரம்ப மாதங்களில் பசியும் அடங்கிப்போகும். "அப்ப இவளா திங்காம இருக்க வேண்டியதில்லீங்களா?" என்றார் அத்தை. அதற்கப்புறம் வீட்டில் பேச்சு மாறிவிட்டது.

அறுவைக்கு முந்திய இரண்டு வாரம் ஒரு உணவுமுறை கொடுப்பார்கள். இது எடை குறைக்க அல்ல, கல்லீரலுக்காக. கல்லீரலின் இடது பக்கம் வயிற்றின் மேல் கவிந்து கிடக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் கொழுப்பு ஏறிப் பெருத்திருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கீழே வேலை செய்ய வேண்டும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டே வாரத்தில் அது சுருங்கிவிடும். எனக்கு ஒரு நாளைக்கு மூன்று புரதக் கலவை, ஒரு கிண்ணம் காய், ஒரு சின்னக் கப் சுண்டல். நவராத்திரி நேரம் என்பதால் சுண்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று கடையில் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பாதி காலி. பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அன்று ராத்திரி முழுக்கக் கல்லீரலையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு வாரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இன்னொன்றை இன்றைக்கே ஆரம்பியுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இருங்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அரை மணி நேர இடைவெளி. பிறகு வாழ்நாள் பழக்கமாகப் போவது இது. எனக்குச் சோறு குறைந்ததைவிட, தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வாய்க்கு இருபது, இருபத்தைந்து முறை மெல்வதையும் இப்போதே பழகுங்கள். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழும் ஆள் நான். ஒரு இட்லிக்கு இருபது நிமிடம் என்பது நம்பவே முடியாத கணக்காக இருந்தது. புகை பிடிப்பவராக இருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் மேசையில் ஏற முடியும்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூங்கினேன், எழுந்தேன், வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது. உள்ளே நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலியாம், நடந்தால் போய்விடும் என்றார்கள். அன்று மாலையே டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான காலுறை, வயிற்றில் ஒரு ஊசி, நுரையீரலுக்கு மூன்று பந்து உள்ள ஒரு ஊதல் கருவி. பேருக்குத்தான் ஊதல், உண்மையில் உறிஞ்ச வேண்டும். மூன்றாவது பந்தை நான் கடைசி வரை எழுப்பவே இல்லை. மூன்று ராத்திரி கழித்து வீடு.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும். ஆஸ்பத்திரியில் 30 மில்லி மருந்துக் கிண்ணம் ஒன்று கொடுத்து, கால் மணிக்கு ஒரு தடவை இதில் குடியுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அத்தை அதை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்து என் மகளுக்குப் பால் ஊட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார். வடிகட்டிய கொள்ளு ரசத்தை அதில்தான் குடித்தேன். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன கொள்ளு. பாலாடையில் வேகமாகக் குடிக்கவே முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி. ஒரு மடக்கு சேர்த்து விழுங்கிவிட்டால் நெஞ்சுக்குள் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல இருக்கும்.

அந்த இரண்டு வாரம் முடியும் தறுவாயில் தீபாவளி. வீடு முழுக்க எண்ணெய் வாசனை. பசி இல்லை என்று சொன்னேன் அல்லவா, உண்மைதான், வயிற்றில் துளி கூடப் பசி இல்லை. ஆனால் அதிரசத்தைப் பார்த்துக் கண் கலங்கியது. வயிற்றைத்தான் வெட்டினார்கள், ஆசை வேறு இடத்தில் இருக்கிறது. இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். பண்டிகை, வீட்டுக் கல்யாணம் எதுவும் வராத மாதமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து மசித்த உணவு: பச்சைப்பயறு கடைசல், மிக்ஸியில் அடித்த முட்டை, தயிர். ஐந்தாம் வாரம் மென்மையான உணவு. அந்த வாரம்தான் எனக்கு அடி விழுந்தது. நாத்தனார் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சாப்பாடு இல்லை, அம்மா வீடு. மூன்று வாய், பேச்சு சுவாரசியத்தில் சரியாக மெல்லவில்லை. நெஞ்சில் அடைத்துக்கொண்டது. வாயில் எச்சில் ஊறி ஊறி, வழவழவென்று முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரை வர ஆரம்பித்தது. கொல்லைப்புறத்தில் அரை மணி நேரம் குனிந்து நின்றேன். தானாகவே இறங்கியது. குழைந்த சோறு, ரொட்டி, சப்பாத்தி எல்லாம் உள்ளே போய் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுத் தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும்.

இது பயமுறுத்தும், ஆனால் ஆபத்து இல்லை. ஆபத்தானது வேறு. முதல் சில வாரங்களில் காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல் ஓடுவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, ஒரு பக்கக் கால் வீங்குவது. இதில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தையல் கசிவாகவோ ரத்தக்கட்டாகவோ இருக்கலாம். நாள் கணக்கில் வாந்தி நிற்காமல் போனாலும் உடனே போக வேண்டும். உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்து, பாதம் மரத்து, நடை தள்ளாடி, மூளை வரை பாதிக்கும்.

வேலைக்கு எப்போது என்றால், நாற்காலி வேலை என்பதால் நான் மூன்றாம் வாரம் போனேன். மத்தியானம் மூன்று மணிக்கே தலை சுற்றும், முதல் பத்து நாள் அரை நாள்தான். கனம் தூக்க ஆறு வாரம் பொறுத்திருங்கள். கிரைண்டர் கல், தண்ணீர்க் குடம், சிலிண்டர் எதுவும் கூடாது, துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கிவிடும். பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு: ஆறு வாரத்துக்கு மாவாட்ட ஆள் ஏற்பாடு செய்தபின் அட்மிட் ஆகுங்கள். கர்ப்பம் தரிக்கும் யோசனை இருந்தால் ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப் போட வேண்டும்.

சர்க்கரை மாத்திரை எனக்கு முதல் வாரத்திலேயே பாதியாயிற்று, மூன்றாம் மாதம் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே நாலாம் மாதம் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் இல்லை, கையோடு வரும். எடை வேகமாக இறங்கும்போது இது பலருக்கும் வருவதுதான், வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும் என்றார்கள். ஒன்பதாம் மாதம் முளைத்தது. ஆனால் என் விஷயத்தில் இரும்புச்சத்தும் குறைந்திருந்தது, அது என் தப்பு. மாத்திரையை விட்டு விட்டுப் போட்டிருந்தேன். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பித்தப்பையில் கல் வராமல் இருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூட்டுவலி, தலைவலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், வயிறு புண்ணாகிவிடும். புரதம் தினம் 60 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். சைவம் என்றால் இந்தக் கணக்கை எட்டுவதற்குள் பொழுது போய்விடும், பன்னீரும் புரதப் பொடியும் வேண்டியிருக்கும்.

ஊசி போட்டாலே குறையுமே, ஏன் கத்தி என்று இப்போது பலர் கேட்கிறார்கள். மௌஞ்சாரோ என்ற அந்த எடைக் குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில், எனக்கு அறுவை முடிந்து ஐந்து மாதம் கழித்து. முன்னால் வந்திருந்தால் டாக்டரிடம் கேட்டிருப்பேன். நீங்கள் கேளுங்கள்.

109லிருந்து 77 வரை இறங்கினேன். ஒன்றரை வருடம் ஆகிறது, இன்றைக்கு 79. அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோழிக்கறி நாலு துண்டில் வயிறு நிறைந்துவிடும், ஆனால் முறுக்கும் மிக்சரும் வாயிலேயே கரைந்து அடைக்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். கடையில் நாலு மணி டீயோடு ஒரு கை மிக்சர், அப்புறம் இன்னொரு கை. போன திங்கட்கிழமை அந்த டப்பாவை எடுத்து பில் போடும் பையனின் டிராயரில் வைக்கச் சொல்லிவிட்டேன். அவன் தினம் நாலு மணிக்கு, "அக்கா, வேணுமாங்க்கா?" என்று கேட்கிறான்.