அப்பாவின் பிடிவாதம் பற்றி

பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பா 3 வாரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார், பயிற்சிக்கும் மறுக்கிறார், வீட்டில் பிடிவாதம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச முடியாதவர்களிடம் அது சுலபமாகக் கண்ணில் படாமல் போய்விடும்.

"மனசு கஷ்டமா இருக்கா?" என்று கேட்டு, தலையாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். ஆமாமும் இல்லையும் இடம் மாறலாம். என் அம்மா எதைக் கேட்டாலும் ஆமாம் என்றே தலையாட்டுவார், கண் மட்டும் வேறு சொல்லும்.

அழுகை, தூக்கம், சாப்பாடு, முகம் திருப்புவது எல்லாவற்றையும் ஒரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். உடன் இருப்பவர் கவனித்ததை வைத்தே மதிப்பிடும் கேள்வித்தாள்கள் இருக்கின்றன, கேளுங்கள். மருந்தும் உண்டு. சாப்பாட்டையே மறுத்தால் வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், அவர் காதுபடப் பிடிவாதம் என்று பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சுதான் போயிருக்கிறது.