பறவை விரட்டிகள்: பணம் போகும், புறா போகாது

கேள்வி: பால்கனியில் பூந்தொட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் மேல் ஒரு புறா ஜோடிக்குக் கண். குச்சிகளை எடுத்துப் போட்டால் மறுநாள் காலையிலேயே மறுபடி கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. மீயொலி எழுப்பும் பறவை விரட்டி ஒன்றைப் பார்த்தேன். "மனிதர் காதுக்குக் கேட்காது, பறவைகள் அண்டாது" என்று பெட்டியில் போட்டிருக்கிறது. 20 முதல் 65 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்குமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதும் அந்தப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. நம் காதுக்கு ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேற்பட்டதுதான் மீயொலி. பறவைகளுக்கு நம்மைவிடக் கூர்மையான காது என்று பலரும் நினைக்கிறார்கள். உச்ச சுருதியைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். பெரும்பாலான பறவைகளுக்கு 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான் நன்றாகக் கேட்கும். 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் அநேகமாக ஒன்றுமே கேட்பதில்லை. உங்களுக்கே எட்டாத ஒலி புறாவுக்கு எட்டாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதற்குக் கேட்கும், பாவம்.

இந்த வகைக் கருவிகளின் விளம்பரம் நீண்டகாலமாகவே சந்தேகத்துக்குரியது. எலி, பூச்சி விரட்டும் மீயொலிக் கருவிகளைத் தயாரித்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் பலன் சொல்லி விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பெட்டியின் படம் மாறியிருக்கிறது, வாசகம் அதேதான்.

உங்கள் புறா எதைப் பார்த்து அந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுத்தது என்று கொஞ்சம் கவனியுங்கள். விளிம்பில் வந்து உட்காரும். உள்ளே இறங்கி, மண்ணில் மார்பை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றும். அந்தச் சுற்றில் விழும் குழிதான் கூட்டுக்கு அடித்தளம். செடிக்கும் விளிம்புக்கும் நடுவே உடம்பு கொள்ளும் அளவுக்கு வெறும் மண் இருந்தால், தொட்டி ஆடாமல் நின்றால், மேலே மறைப்பும் இருந்தால், அதற்கு வேறென்ன வேண்டும்? அந்தச் சுற்றைச் சுற்ற விடாமல் செய்துவிட்டால் போதும். மூங்கில் குச்சிகளை 4, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் மண்ணில் ஊன்றுங்கள். மண்ணுக்கு மேல் ஒரு விரல் நீளமாவது நிற்கட்டும். கூர்முனை மண்ணுக்குள், மழுங்கிய முனை மேலே. பறவையின் கண்ணுக்கும், குனிந்து களை பிடுங்கும் உங்கள் கண்ணுக்கும் அதுதான் நல்லது. குச்சிகள் கண்ணை உறுத்தும் என்றால் கம்பி வலையை வட்டமாக வெட்டி, தண்டு நுழைய ஒரு கீறல் போட்டு, மண்மீது படியவைத்து ஓரத்தை உள்ளே செருகிவிடுங்கள். செடி படர்ந்ததும் அது தெரியாது. தண்ணீர் ஊற்றவும் தடையில்லை.

இதையெல்லாம் முட்டை விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். முட்டை வந்துவிட்டால் கதை வேறு. கீழே இன்னொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பிளாஸ்டிக் ஆந்தை, மினுக்கும் நாடா, ரப்பர் பாம்பு மூன்றும் சேர்ந்த தொகுப்பு தள்ளுபடியில் கிடைக்கிறது. பலன் உண்டா?

பதில்: சில நாளைக்கு உண்டு. அசையாத ஆந்தை ஆபத்தில்லை என்று பறவைக்குப் புரிய அதிக நேரம் ஆகாது. ஆந்தையின் தலைமேலேயே எச்சமிட்டுவிட்டுப் போகும் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்றில் நாடா மட்டும் கொஞ்சம் தேவலை, காற்றில் அசைந்து ஒளி சிதறுவதால். கூடு கட்ட இடம் தேடும் அந்த ஒன்றிரண்டு வாரத்துக்கு அதைக் கட்டி, அடிக்கடி இடம் மாற்றினால் பறவை வேறு இடம் பார்க்கலாம். அதற்காகத் தொகுப்பு முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. நாடா தனியாகவே கிடைக்கும்.

கேள்வி: தொட்டியின் விளிம்பில் தடவ ஒட்டும் ஜெல் விற்கிறார்கள். மிளகாய்த்தூள் கரைசலைத் தெளிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. காரத்தை நமக்கு எரிச்சலாக உணர்த்துவது கேப்சைசின் என்ற பொருள். பாலூட்டிகளின் நரம்பில் அதைப் பிடித்துக்கொள்ளும் உணர்வி, பறவைகளிடம் அதற்கு மசிவதில்லை. கிளி பழுத்த மிளகாயை ஆற அமரக் கொறிப்பது இதனால்தான். கரைசல் தெளித்தால் எரியப்போவது உங்கள் கண்தான்.

ஜெல் விஷயம் வேடிக்கையல்ல. பெரிய கட்டடங்களின் விளிம்பில் புறாவின் காலுக்குப் பிசுபிசுப்பாக இருக்கட்டும் என்று பூசும் சரக்கு அது. பூந்தொட்டிக்கு வருவதோ பெரும்பாலும் கொண்டைக்குருவி, சில்லை போன்ற சின்னஞ்சிறு பறவைகள். இறகில் அப்பிக்கொண்டால் பறக்க முடியாமல் சாகும். வெயிலில் இளகி, தூசி படிந்து, பிறகு நீங்கள் கழுவினாலும் போகாது. நாப்தலின் உருண்டைகளைக் கட்டித் தொங்கவிடும் யோசனையும் அடிக்கடி காதில் விழுகிறது. மூடிய பெட்டிக்குள் துணிக்கு வைக்கத் தயாரான நச்சுப்பொருள் அது. திறந்தவெளியில், அதுவும் குழந்தைகள் நடமாடும் இடத்தில், அதற்கு வேலையில்லை.

கேள்வி: வலை வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கண்ணியின் அளவையும் நூலின் பருமனையும் பாருங்கள். நிறமும் விலையும் பிறகு. மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் இழை வலையைக் கையில் எடுத்தால் மயிரிழை போல இருக்கும். பறவையின் கண்ணுக்குத் தெரியாது. காலும் இறகும் சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஓணான், பாம்புகூட மாட்டிக்கொள்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுத் தோட்டத்துப் பழச்செடிகளுக்குப் போடும் வலையின் கண்ணி, முழுவதும் இழுத்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2021 செப்டம்பர் முதல் சட்டமே இருக்கிறது. வௌவால்களும் பறவைகளும் வலையில் சிக்கிச் செத்த பிறகு வந்த விதி அது. பூந்தொட்டிக்கும் அதே அளவுகோல் பொருந்தும். கடையில் அளவுகோல் தேட வேண்டாம். கண்ணிக்குள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இணையத்தில் வாங்குவதானால் கண்ணி அளவு குறிப்பிடாத வலையைத் தொடவே வேண்டாம்.

கட்டும்போது தளர்வாக விடாதீர்கள். தொங்கும் தொட்டியின் சங்கிலிகளையே கூடாரக் கம்பிபோல வைத்து, வலையைச் சுற்றி இழுத்து, விளிம்புக்குக் கீழே கட்டுங்கள். தினமும் ஒருமுறை பாருங்கள். பூவுக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வர வேண்டும் என்றால் இவ்வளவு நெருக்கமான வலை ஒத்துவராது. அப்போது மேலே சொன்ன குச்சிதான் வழி.

கேள்வி: புதிதாகத் தொங்கு தொட்டிகள் வாங்கப்போகிறேன். தேங்காய் நார் விரித்த கம்பிக்கூடை அழகாக இருக்கிறது. ஆனால் அதில்தான் பறவை அதிகம் கூடு கட்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நாரைப் பறவைகள் இழுத்துக்கொண்டு போவது உண்மை. கூட்டுக்கான மெத்தையை வாசலிலேயே கொண்டுவந்து வைத்தால் எந்தப் பறவை விடும்? விளிம்பிலிருந்து பிய்ந்த இழைகள் தொங்குவதைப் பார்த்தாலே வந்துபோனது தெரியும். அதற்காக நார்க்கூடையையே ஒதுக்க வேண்டியதில்லை. வாங்கியதும் விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நாரைக் கத்தரித்துவிட்டு, ஓரத்தைக் கம்பி வலையால் மூடினால் தொல்லை குறையும்.

வாங்கும்போது நான் முக்கியமாகப் பார்ப்பது செடியைத்தான். பாதி மண் தெரியும் தொட்டியைவிட, விளிம்புவரை நெருக்கமாகப் படர்ந்த தொட்டியில் பறவைக்கு இறங்கத் தரை கிடைக்காது. ஆனால் ஃபெர்ன் போல மேலே அடர்ந்தும் உள்ளே தண்டுகளுக்கு நடுவே குகை மாதிரி இடம் விட்டும் வளரும் செடிகள் விதிவிலக்கு. அவற்றைக் கூட்டுக்கென்றே செய்தது போலிருக்கும். எந்தச் செடியானாலும் பருவம் முடிந்து காய்ந்துபோனால் தொட்டியை இறக்கி வைத்துவிடுங்கள். காய்ந்த செடியோடு ஆளரவமில்லாமல் தொங்கும் தொட்டியைப் பறவைகள் விட்டுவைப்பதில்லை. சுழலும் கொக்கி வாங்குவதும் நல்லது. காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும் தொட்டி பறவைக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. செடிக்கும் எல்லாப் பக்கமும் வெயில் கிடைக்கும்.

கேள்வி: தாமதமாகிவிட்டது. கொண்டைக்குருவி முட்டையிட்டுவிட்டது. இப்போது என்ன வாங்கிப் போடலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். தொட்டியை அங்கேயே விடுங்கள். முட்டையுள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் குற்றம். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பிரிட்டனில் 1981-இன் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டமும் இதைப் பேசுகின்றன. எந்தப் பறவைக்கு எந்த அளவு பாதுகாப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பகுதி வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்க வேண்டிய காலமும் அதிகமில்லை. கொண்டைக்குருவி ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்துக்குள் பறந்துவிடும். புறாவுக்கு இன்னும் சில வாரம் கூடுதலாகும். அதுவரை செடி வாடுமே என்ற கவலையா? ஒல்லி மூக்குள்ள பூவாளியால் கூட்டுக்கு எதிர்ப்பக்க ஓரமாக, தாய்ப்பறவை இரை தேடப் போயிருக்கும் நேரத்தில், மெதுவாக ஊற்றுங்கள். கூடு நனையக் கூடாது. ஈரத்தில் குஞ்சு குளிர்ந்து போய்விடும். தொட்டியை வேறு கொக்கிக்கு மாற்றவும் வேண்டாம். நீங்கள் தொட்டதால் மட்டும் தாய் கூட்டைக் கைவிட்டுவிடாது. ஆனால் கூடு இருந்த இடத்தில் இல்லையென்றால் அது தேடித் திண்டாடும்.

குஞ்சுகள் போனதும் சும்மா இருந்துவிடாதீர்கள். அதே பருவத்தில் அதே கூட்டில் இன்னொரு ஈடு வைக்கும் பறவைகள் உண்டு. புறா அதில் கெட்டிக்காரி. கூடு உண்மையிலேயே காலியா என்று பார்த்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, எச்சம் தூசியாகப் பறக்காதபடி லேசாக நீர் தெளித்து, கூட்டையும் மேல்மண்ணையும் அகற்றுங்கள். குச்சிகளை அன்றே ஊன்றிவிடுங்கள்.

கேள்வி: உங்கள் பத்தியைப் படிக்காமல் மீயொலிக் கருவியை வாங்கிவிட்டேன். பறவை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் அந்தப் பதில்தான் வரும். "விளம்பரத்தில் சொன்னபடி வேலை செய்யவில்லை" என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு புகார்கள். பிரித்துப் பார்க்காமல் இரண்டாவது புகாரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தில் "உறுதியான பலன்", "பணம் திரும்பக் கிடைக்கும்" என்றெல்லாம் இருந்தால் அவர்கள் திருத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்க, பறவை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை, தேதியோடு, இணையுங்கள். அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. விற்பனையாளர் மசியவில்லை என்றால் விற்பனைத் தளத்துக்கும், அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். திருப்பித் தருவதற்கான கெடு பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். ஆகவே இன்றே எழுதுங்கள்.