சிங்கப்பூரில் பழைய தங்கப் பாக்கெட் வாட்ச்களும் கப்பல் குரோனோமீட்டர்களும் சேகரிக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும்? தங்கம் விலை ஏறும் காலத்தில் இது நல்ல முதலீடா?

தங்கத்துக்காக என்றால் வேண்டாம். சிராங்கூன் சாலைக்குப் போய் 916 காசு வாங்கிக்கொள்ளுங்கள், விற்கும்போதும் தலைவலி இருக்காது. கடிகாரத்துக்காக என்றால் வாருங்கள், நிறையப் பேசலாம். நான் சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரிகளில் ஒருவனாக இருந்தவன். கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட உதவும் துல்லியமான கடிகாரம்தான் குரோனோமீட்டர். அதற்குச் சாவி கொடுப்பது என் வேலை. சேகரிக்கும் ஆசை அங்கேதான் பிடித்தது.

முதலில் தங்கக் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு நகைக்கடையில் மகளுக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா தன் தாத்தாவின் பாக்கெட் வாட்சைக் கொண்டுவந்திருந்தார். முன்பக்கமும் மூடி உள்ள ஹன்டர் வகை. கடைக்காரர் உரைகல்லில் உரசிப் பார்த்து 18 காரட் என்றார். பிறகு இரண்டு சின்னத் திருகுகளைக் கழற்றி, உள்ளிருந்த இயந்திரத்தைத் தள்ளி எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். கேஸ், அதாவது வெளிக்கூடு மட்டும் தராசுக்குப் போனது. வெளியே எடுத்த பிறகும் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது! பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியபடி, கண்ணாடி மேசையில், தன்னந்தனியாக. அந்த அம்மாவிடம் கேட்டு அதை நான் வாங்கிக்கொண்டேன். உராய்வைக் குறைக்க 15 கல் வைத்த, லீவர் வகைச் சுவிஸ் இயந்திரம். இன்றும் என் மேசையில் ஒரு கண்ணாடி மூடிக்குள் ஓடுகிறது. கேஸ் உருகி யார் வீட்டுத் தாலிக்கொடியில் இருக்கிறதோ தெரியாது.

1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 அமெரிக்க டாலரைத் தொட்டபோது உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. கேஸ் இல்லாத இயந்திரங்கள் இன்று இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். செய்கூலி, சேதாரம் என்று கணக்குப் போட்டே வளர்ந்தவர்கள் நாம்; வாட்சையும் அதே கண்ணால் பார்த்துவிடுகிறோம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லி இயந்திரத்தைப் பாருங்கள். கேஸை அப்புறம் பார்க்கலாம்.

கேஸில் என்ன பார்ப்பது? பிரிட்டிஷ் என்றால் கிரீடமும் 18 என்ற எண்ணும், கூடவே ஊர் முத்திரையும் இருக்க வேண்டும். பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 1798க்கு முன் இங்கிலாந்தில் முத்திரை பெற்ற தங்கம் நம் நகை மாதிரி 22 காரட்தான். சுவிஸ் கேஸில் 1880க்குப் பிறகு 18 காரட்டுக்குப் பெண் தலை, 14 காரட்டுக்கு அணில். அமெரிக்க கேஸில் "25 வருட உத்தரவாதம்" என்று பொறித்திருந்தால் அது முழுத் தங்கம் இல்லை. பித்தளை மேல் தங்கத் தகடு பொதிந்தது. தகடு தேயாமல் இருக்கும் காலத்துக்குத்தான் அந்த உத்தரவாதம். நான் முதலில் வாங்கியதே அப்படி ஒன்று. முழுத் தங்கம் என்று சொல்லி விற்றார்கள், நானும் அந்த எழுத்தைப் படித்துவிட்டுத் தரத்துக்கான சான்று என்றே நினைத்துக் காசைக் கொடுத்தேன். ஓரத்தில் மஞ்சள் தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அமெரிக்க வாட்ச்களில் இன்னொன்று: இயந்திரம் ஒரு கம்பெனி, கேஸ் வேறு கம்பெனி, வாடிக்கையாளர் கேட்டபடி கடைக்காரர் சேர்த்துத் தருவார். எனவே வால்தம் கம்பெனி இயந்திரம் வேறு பெயர் போட்ட கேஸில் இருப்பது குறை இல்லை. ஆனால் கேஸின் உள்விளிம்பில் இப்போதைய திருகுகளுக்குப் பொருந்தாத வேறு திருகுத் தடமும் இருந்தால், வேறு இயந்திரத்தை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, குரோனோமீட்டர். அது காட்டும் கிரீன்விச் நேரத்தையும் சூரியனை வைத்துப் பார்க்கும் உள்ளூர் நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் கப்பல் கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவோம். பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுற்றுகிறது. அந்தக் கணக்கில், கடிகாரம் 4 வினாடி தப்பினால், சிங்கப்பூர் மாதிரி நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் நீங்கள் இருக்கும் இடம் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர் தப்பிவிடும். பாறைக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இருக்காது. இதற்காகத்தான் இங்கிலாந்தின் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் தன் வாழ்நாளையே கொடுத்தார். 1761இல் இங்கிலாந்திலிருந்து ஜமைக்கா போன அவருடைய கடிகாரம் 81 நாளில் 5 வினாடிதான் பிந்தியது.

என் காலத்தில் கப்பலில் குரோனோமீட்டரின் முள்ளைத் தினமும் திருத்த மாட்டோம். கிரீன்விச் நேரத்துக்கு ஒருமுறை வைத்தால் அப்படியே விட்டுவிடுவோம். காலை 8 மணிக்குச் சாவி கொடுத்து, ரேடியோ சிக்னலைக் கேட்டு, இன்று எத்தனை வினாடி முந்துகிறது என்று ஏட்டில் எழுதுவோம். தினமும் சரியாக 2 வினாடி முந்தினால் அது அருமையான குரோனோமீட்டர். ஒரு நாள் முந்தி, மறுநாள் பிந்துவதை நம்ப முடியாது. விற்பவர் "நேரம் சரியாகக் காட்டுகிறது" என்றால் போதாது. பத்து நாள் கணக்கு கேளுங்கள். ரேடியோ வருவதற்கு முன் நம் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் ஃபோர்ட் கேனிங் மேட்டில் மதியம் 1 மணிக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து விழும் நேரப்பந்தைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கை எடுத்தன. அதன் மாதிரி இப்போதும் பூங்காவில் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

முதல் குரோனோமீட்டராக அமெரிக்க ஹாமில்டன் கம்பெனியின் 21 என்ற மாடலைத் தேடுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக 1942 முதல் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். பெட்டிக்குள் இரட்டை வளையத்தில் கிண்ணம் மாதிரி தொங்கும். சாவித் துளை அடியில் இருப்பதால், கிண்ணத்தை ஒரு கையால் கவிழ்த்துப் பிடித்து, மறு கையால் எண்ணிக்கொண்டே திருக வேண்டும். நின்றுபோன குரோனோமீட்டர் சாவி கொடுத்தால் மட்டும் ஓடாது. பெட்டியோடு கால் சுற்று சட்டென்று திருப்பினால் உயிர் வரும். வினாடி முள் அரை அரை வினாடியாகத் தாவும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்த காலைகளை நான் இன்னும் மறக்கவில்லை. ஓடும் குரோனோமீட்டரைக் காரில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பேலன்ஸுக்குத் தக்கைத் துண்டு செருகி நிறுத்தி, வளையத்தையும் பூட்டிய பிறகே நகர்த்த வேண்டும்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈரக்காற்று. பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மயிரிழை ஸ்பிரிங்கில் ஒரு புள்ளி துரு பட்டாலும் கணக்கு போச்சு. வாங்கும்போது லென்ஸ் வைத்து அதைப் பாருங்கள், வீட்டில் கேமராவுக்கு வைக்கும் டிரை கேபினெட்டில் வையுங்கள்.

பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையோடு மூடிவிட்டதால் தெருவில் அதிர்ஷ்டம் அடிக்கும் காலம் போய்விட்டது. வெளிநாட்டு ஏலம்தான் வழி. 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். பழைய குரோனோமீட்டர் பெட்டியின் முகப்பில் உள்ள வெள்ளைத் தகடு யானைத் தந்தமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தந்தம் என்றால் சைட்டிஸ், அதாவது அழிந்துவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே தந்தப் பொருளை விற்கவும் தடை.

கடைசியாக, பெட்டியில் மூலச் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், மறு பக்கம் திருப்பினால் சும்மா சுழலும். தூக்கக் கலக்கத்தில் தப்பாகத் திருப்பினாலும் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. வேறு சாவியை வைத்துச் சமாளிக்கலாம் என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.